49-லிருந்து 73-க்கு: ஒரு வீடும் அதன் ஆற்றல் சான்றிதழும்

அக்காவும் அத்தானும் 2023 கோடையில் இங்கிலாந்தில் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். ஒரு வீடு எவ்வளவு ஆற்றல் சிக்கனமானது என்று மதிப்பிட்டுச் சொல்வது ஆற்றல் சான்றிதழ். வீட்டோடு வந்த சான்றிதழில் 49 புள்ளி, எழுத்து ‘இ’. 2025 நவம்பரில் எடுத்த புதிய சான்றிதழில் 73 புள்ளி, எழுத்து ‘சி’. கூடிய 24 புள்ளிகளில் எட்டு, யாரும் ஓர் ஆணிகூட அடிக்காமல் வந்தவை. பழைய தாள் இரண்டைத் தேடி எடுத்தோம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் உடம்பில் உணர்ந்த மிகப் பெரிய மாற்றத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது இரண்டே புள்ளி.

“எழுத்து மாறினால் வீடு சூடாகிவிடுமா, தம்பி?” என்று அத்தான் முதல் நாளே கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. இரண்டரை ஆண்டு வேலையும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை நடந்தபடியே எழுதுகிறேன்.

வீடு 1930-களில் கட்டியது. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. மூன்று படுக்கையறை, ஏறக்குறைய 85 சதுர மீட்டர். வெளிச்சுவர் முழுக்கக் கூழாங்கல் பதித்த பூச்சு. பின்னால் ஒரு சிறிய சமையலறை பிற்காலத்தில் சேர்த்தது. ஜன்னல்கள் ஏற்கெனவே டபுள் கிளேசிங், அதாவது இரட்டைக் கண்ணாடி. மரப்பலகைத் தரை, திறந்த கணப்பு அடுப்பு இரண்டு, பழைய கேஸ் பாய்லர், மாடி அலமாரிக்குள் ஒரு வெந்நீர்த் தொட்டி. அறைத் தெர்மோஸ்டாட் கிடையாது. பாய்லர் ஓடினால் எல்லா ரேடியேட்டரும் கொதிக்கும், நின்றால் எல்லாம் குளிரும்.

அந்த எண் எதை அளக்கிறது

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சான்றிதழின் எண் ‘சாப்’ என்ற கணக்கு முறையில் வருகிறது. 1 முதல் 20 வரை ‘ஜி’, 21 முதல் 38 வரை ‘எஃப்’, 39 முதல் 54 வரை ‘இ’, 55 முதல் 68 வரை ‘டி’, 69 முதல் 80 வரை ‘சி’, 81 முதல் 91 வரை ‘பி’, 92-க்கு மேல் ‘ஏ’. சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். வாடகைக்கு விடும் வீடு, விதிவிலக்கு இல்லாவிட்டால், ‘இ’-க்குக் கீழே இருக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் புதிய வாடகைகளுக்கு வந்த இந்த விதி, 2020 ஏப்ரலில் நடப்பில் இருந்த வாடகைகளுக்கும் வந்தது.

அந்த எண், வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் விளக்குக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஆகும் செலவை வைத்துப் போடுவது. ஆனால் அது நம்முடைய செலவு இல்லை. அந்தப் பரப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், வரவேற்பறையை 21 டிகிரியில் வைத்தால், ஹீட்டிங்கை இத்தனை மணி நேரம் ஓட்டினால் என்று ஒரு பொதுக் குடும்பத்தைக் கற்பனை செய்து போடும் கணக்கு. ஆறு பேர் இருந்தாலும் ஒருவர் இருந்தாலும் எண் அதேதான். கேஸ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு “இவ்வளவு சிக்கனமாக இருக்கிறோமே, ஏன் ‘இ’?” என்று கேட்பதில் பயன் இல்லை. எண் கட்டடத்துக்கு, அதில் வாழ்கிறவர்களுக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழுக்காகப் பழைய வீடுகளை மதிப்பிட வரும் அசெசர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை, பலகையைப் பெயர்ப்பதில்லை. கண்ணால் பார்ப்பார், அளப்பார், படம் எடுப்பார். பார்க்க முடியாததற்கு அந்த வீட்டுக்கே உரிய ஆவணம் கேட்பார். இரண்டும் இல்லையென்றால், அந்தக் காலத்தில் கட்டிய வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படியே இதுவும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். சான்றிதழில் அடைப்புக்குறிக்குள் ‘ஊகம்’ என்று போட்டிருக்கும் இடமெல்லாம் இப்படி வந்தவை. அக்கா வீட்டுச் சான்றிதழில் சுவருக்கு நேரே, ‘இடைவெளிச் சுவர், கட்டியபடியே, காப்பு இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் அந்த ஊகச் சொல் இருந்தது. காப்பு என்பது சூடு வெளியே போகாமல் தடுக்கும் பொருள். நான் அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன்.

சுவர்: தாள் சொன்னதும் சுவர் சொன்னதும்

இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர் இது. வெற்றிடம் காலியாக இருந்தால், சூடு எவ்வளவு கசிகிறது என்று சொல்லும் யூ-மதிப்பு ஏறக்குறைய 1.5, நிரப்பியிருந்தால் சுமார் 0.7. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும் நாளில், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே 30 வாட் போகும் இடத்தில் 14 வாட் போகும். வீட்டில் அப்படிப்பட்ட சுவர் 80 சதுர மீட்டர். புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது என்று இந்தக் கணக்கே காட்டிவிடும்.

வெற்றிடத்தை நிரப்பும்போது வெளிச்சுவரில் வரிசையாகத் துளை போட்டு அடைப்பார்கள். செங்கல் சுவரில் அந்தப் பொட்டுகள் தெரியும். இங்கே கூழாங்கல் பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ஒரு நாள் வேலியோரம் நின்று பேசும்போது, “இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே வாரத்தில்தான் செய்தார்கள்” என்றார். உடனே தேடினோம். இப்படி நிரப்பிய சுவர்களுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தரும் ‘சிகா’ என்ற அமைப்பு 1995-லிருந்து இருக்கிறது. விலாசம் கொடுத்துக் கேட்டோம். 1998-இல் பதிவான உத்தரவாதம் கிடைத்தது. காலம் முடிந்துவிட்டதால் அதை வைத்து இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் சுவர் நிரப்பியது என்பதற்கு அது ஆவணம்.

அதே உற்சாகத்தில் உள்ளூராட்சியின் கட்டடப் பிரிவிலிருந்து சமையலறைக்கான நிறைவுச் சான்றையும் வாங்கினோம். முதல் அசெசர் அதை எண்பதுகளில் கட்டியதாக ஊகித்திருந்தார். உண்மையில் 2004. புதிய கட்டடம் என்றால் கணக்கில் எடுத்துக்கொள்ளும் காப்பும் கூடுதல்.

சரி, சுவர் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது தவறு. 2024 நவம்பரில் பின் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால், கூரையோரம் கரும்பூஞ்சை வந்தது. அக்கா துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. நிரப்பிய சுவர் இவ்வளவு குளிராக இருக்கக் கூடாது. ஆள் கூப்பிட்டு, சுவரில் ஒரு சிறு துளை போட்டு, குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தோம். கீழ்ப்பகுதி நிரம்பியிருந்தது. சமையலறைக் கூரைக்கு மேலே உள்ள சுவர்த் துண்டு வெறுமையாக இருந்தது. அங்கே ஏணி வைக்க இடமில்லாமல் விட்டுப் போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். தாள் கிடைத்த மகிழ்ச்சியில் சுவரைப் பார்க்கவில்லை. தாளை வைத்து எண்ணைக் கூட்டலாம், அந்த அறையில் படுக்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முதலில் மழைக்குழாய்க் கசிவையும் பூச்சு விரிசலையும் சரிசெய்து, சுவர் காயும் வரை காத்திருந்து, 2025 வசந்தத்தில் அந்தத் துண்டையும் நிரப்பினோம். ஈரச் சுவரை நிரப்பினால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். அந்த வேலைக்குச் சான்றிதழில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, கணக்கில் அது ஏற்கெனவே ‘நிரப்பிய சுவர்’. இருந்தாலும் செய்தே ஆக வேண்டிய வேலை அது.

மேலே லாஃப்ட், கீழே தரை

லாஃப்ட் என்பது கூரைக்கு அடியில் உள்ள பரண். அந்த வேலையில் சொல்ல அதிகம் இல்லை. 50 மில்லிமீட்டர் பழைய காப்பு தூசி படிந்து கிடந்தது. 2023 அக்டோபரில் மரச்சட்டங்களுக்கு இடையே நிரப்பி, குறுக்கே இன்னொரு அடுக்கு போட்டு 270-க்குக் கொண்டுவந்தோம். யூ-மதிப்பு சுமார் 0.68-லிருந்து 0.16. கூரையின் ஓரத்தில் காற்று புகும் இடத்தை அடைக்கவில்லை, மின்கம்பிகளைக் காப்புக்கு அடியில் புதைக்கவில்லை. ஏறும் கதவின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டினோம். அசெசர் வரும் நாளில் அந்தக் கதவுக்கு வழி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அவர் தலையை நீட்டி ஆழத்தை அளக்க முடியாவிட்டால் மறுபடியும் ஊகம்தான். அக்கா வீட்டில் அங்கே ஏழு சூட்கேஸ் இருந்தன.

ஆட்களை வைத்துச் செய்யும் காப்பு வேலைக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை வாட் வரி இல்லை. பொருளை மட்டும் கடையில் வாங்கி நாமே போட்டால் அந்தச் சலுகை இல்லை, 20 சதவீதம் கட்ட வேண்டும். கூலியோடு சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

தரைதான் எனக்கு மனதுக்கு நெருக்கமான வேலை. பழைய மரத்தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். சட்டங்கள் உளுத்துப் போகாமல் இருக்க, வெளிச்சுவரின் அடியில் துளைக்கற்கள் வைத்து அங்கே காற்று ஓட விட்டிருப்பார்கள். அந்தக் காற்று பலகை இடுக்கு வழியே காலில் அடிக்கும். அக்கா இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு சோபாவில் காலை மடக்கி உட்காருவார். அறைச் சூடு 20 டிகிரி என்று வெப்பமானி காட்டும், கால் மட்டும் ஐஸாக இருக்கும்.

குளிர்க்காற்று வருகிறது என்று துளைக்கற்களை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள், சில ஆண்டுகளில் தரைச் சட்டமே போய்விடும். இங்கே இரண்டு கற்கள் ஏற்கெனவே பூந்தொட்டி மண்ணால் மூடிக் கிடந்தன, அவற்றைத் தோண்டித் திறந்தோம். அப்புறம் 2024 கோடையில் பலகைகளைப் பெயர்த்து, சட்டங்களுக்கு இடையே வலை தொங்கவிட்டு, அதில் மினரல் வூல் என்ற கனிமப் பஞ்சை நிரப்பி, மேலே காற்றுப் புகாத தாளை ஓரம் வரை ஒட்டி, பலகையைத் திரும்பப் போட்டோம். கீழே காற்று ஓடட்டும், மேலே வரக் கூடாது. நான்கு நாள் வேலை. அந்த நான்கு நாளும் குடும்பம் மாடியில் இருந்தது.

தச்சரிடம் ஒன்று மட்டும் வற்புறுத்திக் கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், ஓர் அடிச் சதுரத்தில் திருகு கழற்றித் திறக்கும் மூடி ஒன்று வையுங்கள் என்று. பிறகு வரும் அசெசர் அதைத் திறந்தால் காப்பு கண்ணுக்குத் தெரியும். பில்லும் படமும் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை. பலகைக்கு அடியில் போனது எல்லாம், பார்க்க வழி இல்லாவிட்டால், கணக்கைப் பொறுத்தவரை செய்யாதது மாதிரிதான்.

கணப்பு அடுப்பு இரண்டையும் அதே வாரத்தில் மூடினோம். உள்ளே ஈரம் தேங்காமல் இருக்க ஒரு சிறு காற்றுத்தட்டி வைத்து, கூரையில் புகைக்குழாய்க்கு மழைமூடி போட்டோம். மீதி இருந்த பழைய பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்றினோம். கணப்பு வேலைக்கு ஒன்று, விளக்கு வேலைக்கு ஒன்று என இரண்டு புள்ளி.

கால் குளிர் போனது. வீட்டில் எல்லோரும் முதலில் சொன்னதும் அதுதான். ஆனால் இடுக்கை அடைத்தால் சமையலும் குளியலும் தரும் ஈரம் வெளியே போகவும் வழி குறையும். பின் அறைப் பூஞ்சை அந்த நவம்பரில் தலைகாட்டியதற்குச் சுவர் வெறுமை பாதிக் காரணம், இது மறு பாதி. குளியலறையில் ஈரம் கூடினால் தானே ஓடும் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போட்டோம், ஜன்னல் சட்டத்தின் மேலே உள்ள சிறு காற்று வழிகளைத் திறந்து வைத்தோம், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளினோம். ஃபேனுக்கும் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. காப்பு வேலைக்கு விலை கேட்கும்போதே ஃபேனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் நான்கு மாதம் தாமதித்ததில் ஒரு சுவர்த்தாளும் மெத்தையும் போயின.

பாய்லர், ஹீட் பம்ப்

2025 ஜனவரியில் பழைய பாய்லர் நின்றுபோனது. வெளியிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவியான ஹீட் பம்ப் போடலாமா என்று ஓராண்டாகவே பேசிக்கொண்டிருந்தோம். அரசின் 7,500 பவுண்டு மானியமும் இருக்கிறது. சிக்கல் இரண்டு. முதலாவது, குளிரின் நடுவில் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது, வீட்டில் சின்னப் பிள்ளை. இரண்டாவது சான்றிதழ் பற்றியது. எண் செலவை வைத்து வருகிறது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு தந்தாலும், செலவுக் கணக்கில் நல்ல கேஸ் பாய்லரை முந்துவது கடினம். கரியமில வாயு வெகுவாகக் குறையும், புள்ளி கூடாது, சில வீடுகளில் குறையவும் செய்யும். இந்தக் குறையை அரசும் அறிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த கலந்தாய்வு அறிக்கை, ஒரே செலவு எண்ணுக்குப் பதிலாகக் கட்டடக் காப்பு, ஹீட்டிங் முறை, ஸ்மார்ட் வசதி, செலவு என்று தனித்தனி அளவுகளை முன்வைத்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கடைசியில், புகையின் சூட்டையும் பயன்படுத்தி, தொட்டி இல்லாமலே வெந்நீர் தரும் கண்டென்சிங் காம்பி பாய்லர் போட்டோம். எனக்கு முழு நிறைவு தந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழியை மூடிவிடவில்லை. இரண்டு அறைகளில் பெரிய ரேடியேட்டர் வைத்து, ஹீட்டிங் தண்ணீரை 55 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறோம். கண்டென்சிங் பாய்லரின் பலன் முழுதாகக் கிடைக்க, திரும்பி வரும் தண்ணீர் 55-க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து சூட்டைத் திருப்பித் தராது. பாய்லரை 75-இல் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம், அதைக் குறைக்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. 55 டிகிரித் தண்ணீரில் இந்த வீடு சூடாகிறது என்று ஒரு முழுக் குளிர்காலம் பார்த்துவிட்டால், பிறகு ஹீட் பம்ப் போட யோசிக்க வேண்டியதில்லை. சுவரும் தரையும் முன்பே செய்ததால்தான் இது முடிந்தது.

அறைத் தெர்மோஸ்டாட், நேரக் கட்டுப்பாடு, ரேடியேட்டர் ஒவ்வொன்றுக்கும் வெப்பக் குமிழ், மூன்றையும் சேர்த்தே போட்டோம். பழைய வெந்நீர்த் தொட்டி போனது. எல்லாமாகப் பத்து புள்ளி, இருப்பதிலேயே பெரியது.

ஜன்னலைத் தொடவில்லை. கதவைத் தட்டி வருகிறவர்கள் முதலில் பேசுவது ஜன்னல்தான், நல்ல நிலையில் உள்ள டபுள் கிளேசிங்கைப் புள்ளிக்காக மாற்றுவது வீண் செலவு.

இரண்டாவது சான்றிதழ்

2025 நவம்பரில் வந்த அசெசர் ஒவ்வொரு ஜன்னலையும் டேப் வைத்து அளந்தார். முன்பு வந்தவர் அளக்கவில்லையே என்று அக்கா கேட்டார். 2025 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிப்படி அளந்தே ஆக வேண்டும் என்றார். ஆகவே 49-உம் 73-உம் முழுக்க ஒரே தராசில் நிறுத்தவை இல்லை, ஒன்றிரண்டு புள்ளி தராசாலேயே மாறியிருக்கலாம். பதிவு செய்வதற்கு முன், ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்தும் சேர்த்தும் கணினியில் எங்களுக்குக் காட்டினார். தாள்களுக்கு எட்டு, அதில் சுவருக்கு ஏழும் சமையலறைக்கு ஒன்றும். லாஃப்டுக்கு இரண்டு, தரைக்கு இரண்டு, கணப்புகளுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, பாய்லருக்கும் கட்டுப்பாட்டுக்கும் பத்து. வரிசையை மாற்றிப் போட்டால் இந்தப் பங்குகளும் கொஞ்சம் மாறும்.

சான்றிதழ் அளக்காததை அக்காவின் நோட்டுப் புத்தகம் அளந்தது. 2023 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் கேஸ் மீட்டரையும் அந்த வாரத்து வெளிக்குளிரையும் எழுதி வைத்திருக்கிறார். வெளியே சராசரி 5 டிகிரி இருந்த வாரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 2023 டிசம்பரில் நாளுக்கு ஏறக்குறைய 72 யூனிட், 2025 டிசம்பரில் 46. லாஃப்ட் வேலை நோட்டுக்கு முன்பே முடிந்ததால் அதன் பங்கு இதில் இல்லை. முதல் குளிர்காலத்தில் சூடாக்காமல் பூட்டியே வைத்திருந்த பின் அறையும் இப்போது இந்த 46-இல் அடக்கம்.

உத்தரவாதத் தாள், நிறைவுச் சான்று, பில்கள், தரைக்கடியில் எடுத்த படங்கள், பாய்லர் பதிவு, எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மீட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். 1998-இல் இருந்தவர் அப்படி ஒட்டி வைத்திருந்தால் ‘டி’ என்ற எழுத்தோடே இந்த வீடு அக்காவின் கைக்கு வந்திருக்கும். உறையின் மேல் அத்தான் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: சமையலறைக்கு மேலுள்ள சுவர் 2025-இல்தான் நிரப்பியது, துளைக்கற்களை மூட வேண்டாம்.